காய்க்காத எலுமிச்சை மரமா? அரிவாளைத் தூக்காதீங்க... கவாத்து பண்ணுங்க!

தென்காசி:

வீட்டுக் கொல்லையில் நிற்கிற எலுமிச்சை மரம் காய்க்கவில்லை என்றால் நம்ம ஆட்கள் உடனே செய்வது இரண்டே வேலைதான். பழைய செருப்பையும் பிய்ந்த துடைப்பத்தையும் எடுத்து மரத்தில் கட்டுவார்கள். அதற்கும் மரம் மசியவில்லை என்றால், 'மலட்டு மரம்' என்று பட்டம் கட்டி அடியோடு சாய்த்து விடுவார்கள்.

சில வீடுகளில் தண்டில் ஆணி அடிக்கிற பழக்கமும் உண்டு. ஆணி அடித்தால் காய் வராது, அந்த ஓட்டை வழியாக நோய்தான் உள்ளே போகும்.

மரம் காய்க்காததற்குப் பல வீடுகளில் காரணம் ரொம்பச் சின்னது. கிளைகளை ஒழுங்காகக் கழித்து விடாததுதான். சில வீடுகளில் கழித்திருப்பார்கள், ஆனால் தப்பாகக் கழித்திருப்பார்கள். இந்த வேலைக்குத் தோட்டக்காரர்கள் சொல்லும் பெயர் கவாத்து.

கொல்லையில் நடந்த பஞ்சாயத்து

தென்காசி மாவட்டம் புளியங்குடிக்கு 'எலுமிச்சை நகரம்' என்றே பெயர். இந்த ஊர் எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்த சங்கதி இது.

கணவர் லோடு ஏற்றும் தொழிலாளி. மனைவி பீடி சுற்றுகிறார். கொல்லையில் 12 வயது எலுமிச்சை மரம் ஒன்று. கோடைக்கு அந்த மரத்துப் பழம்தான் பக்கத்து சர்பத் கடைக்குப் போகும். ஆடி மாதம் அம்மன் கோவிலுக்கு மாலை கோர்க்க ஆட்கள் வீட்டுக்கே வந்து வாங்குவார்கள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவு அந்தக் காசில் ஓடியது. 2022 ஏப்ரலில் ஒரு பழம் 10 ரூபாய் வரை போனதே... அப்போது அந்த அம்மாவுக்கு மரம்தான் மகாலட்சுமி.

அந்த மழைக்காலத்தில் கிளை சுவரைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார். கணவர் கோபத்தில் அரிவாளை எடுத்தார். சுவர் உயரத்துக்கு மேலே இருந்த எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டை அடித்து விட்டார்.

அதோடு போச்சு. மரம் மறுபடி துளிர்த்தது. முன்னை விட வேகமாக வளர்ந்தது. கம்பு கம்பாக நேராக மேலே ஏறியது. விரல் நீளத்துக்கு முள். ஆனால் இரண்டு வருஷமாகப் பேருக்குக் கூட ஒரு காய் இல்லை. சின்ன மகன் கையில் முள் கிழித்ததும், மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பைக் நிறுத்தலாம் என்று முடிவாகிவிட்டது.

வெட்ட ஆள் வந்த அன்று, எலுமிச்சைத் தோப்புகளில் காலம் பூரா வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

"ஏ தம்பி, நிறுத்துங்க. இது மலட்டு மரம் இல்ல. தலை சீவாத பிள்ளை மாதிரி நிக்கி. சீவி விட்டா சரியாப் போகும்" என்றார்.

"அண்ணாச்சி, வெட்டினதுனாலதானே காய் நின்னு போச்சு? மறுபடியும் வெட்டச் சொல்லுதீங்களே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வெட்டுனது வேற தாயி. கவாத்து வேற" என்றார் பெரியவர்.

அந்த வித்தியாசம் தெரியாததால்தான் எத்தனையோ வீடுகளில் நல்ல மரம் விறகாகப் போகிறது.

மொட்டை அடித்தால் என்ன ஆகும்?

வேப்ப மரத்தை மொட்டை அடித்தாலும் தழைத்து விடும். எலுமிச்சை அப்படி இல்லை. இது வருஷம் முழுக்க இலையோடு நிற்கிற ஜாதி. சாப்பாட்டின் பெரும்பகுதியை இலையிலும் கிளையிலும்தான் சேர்த்து வைத்திருக்கும். மேலே இருப்பதை மொத்தமாக வெட்டினால் சேமிப்பு மொத்தமும் காலி.

ஆனால் பூமிக்குக் கீழே வேர் அப்படியே இருக்கிறது. அது இழுக்கிற தண்ணீர் எங்கே போகும்? இருக்கிற நாலு கட்டையில் இருந்து குச்சி குச்சியாகப் பீறிட்டுக் கிளம்பும். இதுதான் போத்து. நேராக நிற்கும். தடியாக இருக்கும். முள் பெரிதாக இருக்கும். மரத்தின் சத்தை உறிஞ்சுவதில் கில்லாடி. ஆனால் காய் மட்டும் வராது.

நல்ல எலுமிச்சைக் கிளை எப்படி இருக்கும்? மெலிதாக, பக்கவாட்டில் வளைந்து, சின்ன முள்ளோடு இருக்கும். இப்படி முதிர்ந்த கிளையில் இருந்து வரும் புதுத் துளிரில்தான் பூ வரும். மொட்டை அடித்த மரத்தில் முதிர்ந்த கிளையே இல்லை. அப்புறம் பூ எங்கிருந்து வரும்?

இன்னொரு பக்கம், கத்தியே படாமல் புதராகிப் போன மரங்களும் உண்டு. உள்ளே வெயில் இறங்காது. உள் கிளைகள் காய்ந்து குச்சியாகும். காற்று ஓடாததால் பூச்சியும் நோயும் குடும்பம் நடத்தும். காய் எல்லாம் உச்சியில், கை எட்டாத இடத்தில்தான் இருக்கும்.

எப்போது செய்யலாம்?

பெரிய காய்ப்பு முடிந்து, அடுத்த பூ எடுப்பதற்கு முன் உள்ள இடைவெளிதான் சரியான நேரம். நம்ம பக்கம் ஆடிக் காய்ப்பு முடிந்ததும் ஆவணி, புரட்டாசியில் மழை இல்லாத நாலு நாளாகப் பார்த்துச் செய்யலாம்.

மரத்தில் பூவும் பிஞ்சும் இருக்கும்போது கை வைக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வேண்டாம். வெட்டுக்காயத்தில் ஈரம் பட்டால் நோய் சுலபமாகத் தொற்றும். கத்திரி வெயிலிலும் வேண்டாம். இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயில் பட்டால் வெந்து வெடித்து விடும்.

காய்ந்த குச்சி, நோய் பிடித்த குச்சி, இளம் போத்து... இந்த மூன்றுக்கும் மாதக் கணக்கு இல்லை. மழை விட்ட நாளில் எப்போது கண்ணில் பட்டாலும் எடுத்து விடலாம்.

என்னென்ன தேவை?

அரிவாளை ஓரமாக வையுங்கள். அரிவாள் வெட்டில் கிளை பிளக்கும், பட்டை உரியும். விரல் தடிமன் குச்சிக்குக் கவாத்து கத்தரி போதும். அதைவிடப் பெரிய கிளைக்கு சின்ன கை ரம்பம் வேண்டும். கெட்டியான கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி... இவ்வளவுதான்.

முக்கியமான விஷயம், கத்தரி சுத்தமாக இருக்க வேண்டும். நோய் பிடித்த கிளையை வெட்டிய கத்தரியாலேயே நல்ல கிளையையும் வெட்டினால், நீங்களே ஊசி போட்டு நோயை ஏற்றின மாதிரி. கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் பாட்டில் வீட்டில் கிடந்தால் துணியில் நனைத்துக் கத்தரியைத் துடைத்து, காய விட்டு வெட்டுங்கள். ஒரு மரம் முடித்து அடுத்த மரத்துக்குப் போகும்போதும் துடைக்க வேண்டும். சானிடைசர் சட்டென்று தீப்பிடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது.

எதை எடுக்கணும்?

எடுத்தவுடன் கத்தரியை நீட்டாமல் மரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பாருங்கள். அப்புறம் கீழ்க்கண்ட வரிசையில் எடுக்க வேண்டும்.

1. காய்ந்து போன குச்சிகள். நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இல்லை என்றால் அது பட்டுப்போன குச்சி. பச்சை தெரிகிற இடம் வரை வந்து வெட்டுங்கள்.

2. சொறி நோய் பிடித்த கிளைகள். இலையிலும் காயிலும் குச்சியிலும் பழுப்பு நிறத்தில் சொரசொரவென்று புள்ளி இருக்கும். இலையில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். மழைச் சாரலும் காற்றும் இதைப் பரப்பும். வெட்டியதை மரத்தடியில் போடாமல், உரக்குழியிலும் போடாமல் எரித்து விடுங்கள். எரிக்க இடம் இல்லாவிட்டால் தள்ளிக் குழி தோண்டிப் புதைக்கலாம்.

3. தண்டுத் துளைப்பான் இருக்கும் கிளைகள். கிளையில் ஓட்டையும், கீழே மரத்தூளும் கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது. சின்னக் கிளை என்றால் ஓட்டைக்குக் கீழே நல்ல பகுதி வரை வெட்டி எடுங்கள். பெரிய தண்டு என்றால் சைக்கிள் கம்பியை ஓட்டையில் விட்டுப் புழுவைக் குத்தி எடுக்கலாம்.

4. தரையில் இருந்து ஒன்றரை அடிக்குள் தண்டில் முளைக்கிற துளிர்கள். ஒட்டுச்செடியாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். ஒட்டுக்குக் கீழே வருவது வேறு ஜாதி. இலையும் முள்ளும் வேறு மாதிரி இருக்கும். அதை விட்டால் அது ராஜாவாகும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒட்டு செத்துப் போகும்.

5. போத்துகள். இளசாக இருக்கும்போது கையாலேயே ஒடித்து விடலாம். ஆனால் எல்லாப் போத்தையும் எடுக்க வேண்டியதில்லை. மரத்தில் ஒரு பக்கம் வெறிச்சென்று இருந்தால் அந்தப் பக்கம் சாய்ந்த ஒன்றை விட்டு, நுனியை மட்டும் கிள்ளி விடுங்கள். பக்கக்கிளை விட்டு அதுவும் காலப்போக்கில் காய்க்கிற கிளையாக மாறும்.

6. ஒன்றோடு ஒன்று உரசும் கிளைகள். இரண்டில் மெலிந்ததை எடுங்கள். மரத்தின் நடுவை நோக்கி உள்பக்கமாக வளரும் கிளைகளையும் எடுக்கலாம். தரையைத் தொடும் கிளைகளைக் கொஞ்சம் தூக்கி விடுங்கள். மழையில் தெறிக்கும் மண் இலையில் படக்கூடாது.

புல்லுருவி ஒட்டியிருந்தால் அதை மட்டும் பிய்த்தால் போதாது. திரும்ப முளைக்கும். அது ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்ட வேண்டும்.

எவ்வளவு எடுக்கலாம்?

இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். வெட்ட ஆரம்பித்தால் கை நிற்காது! மொத்தத் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. ரொம்பப் புதராகக் கிடந்தால் இரண்டு, மூன்று வருஷமாகப் பிரித்துச் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். நிழலுக்கு நடுவே அங்கங்கே வட்ட வட்டமாக வெயில் விழுந்தால் சரியான கவாத்து. வெயில் முழுசாக அடித்தால் அளவு மீறிவிட்டது.

உயரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் உச்சியை ஒரே மட்டமாக வெட்டாதீர்கள். உயரமாகப் போன கிளையை, அதில் பக்கவாட்டில் போகிற ஒரு நல்ல கிளை வரை இறக்கி வெட்டுங்கள். ஸ்டூல் போட்டு நின்றால் கை எட்டுகிற உயரம் வீட்டு மரத்துக்குப் போதும்.

எப்படி வெட்டணும்?

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி லேசாகப் புடைத்து இருக்கும். அது கிளையின் கழுத்து. காயத்தை மூடும் புதுப் பட்டை அங்கிருந்துதான் வரும். கழுத்தைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் காயம் பெரிதாகும், ஆறாது. முளைக்குச்சி மாதிரி நீட்டி விட்டால் அந்தக் குச்சி காய்ந்து அழுகும், அதுவே பூச்சிக்கு வாசல்.

பெரிய கிளை என்றால் மூன்று வெட்டாக வெட்ட வேண்டும்.

முதல் வெட்டு: தண்டில் இருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பம் போடுங்கள்.

இரண்டாவது வெட்டு: அதில் இருந்து இரண்டு விரல்கடை வெளியே தள்ளி, மேலிருந்து அறுங்கள். பாரம் முழுக்க கீழே விழுந்து விடும். தண்டுப் பட்டை உரியாது.

மூன்றாவது வெட்டு: மிச்சம் நிற்கும் கட்டையைக் கழுத்துக்கு வெளியே அறுத்து எடுங்கள்.

காயத்துக்கு மருந்து

சின்ன வெட்டு தானாக ஆறும். கட்டைவிரலை விடத் தடிமனான வெட்டுக்கு போர்டோ பசை தடவுவது நல்லது.

100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 100 கிராம் சுண்ணாம்பை வேறு பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீரில் நீற்றி ஆற வையுங்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்சட்டிதான் பயன்படுத்த வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது.

சுத்தமான கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்று கலக்கியதை அன்றே பூசி முடிக்க வேண்டும். மயில்துத்தம் விஷம். குழந்தைகள், ஆடு, கோழி பக்கத்தில் வரக்கூடாது. சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது.

புதிதாக வெயில் படும் பெரிய கிளைகளுக்கு வெறும் சுண்ணாம்பு அடித்தாலே போதும். பட்டை வேகாது.

வெட்டினால் மட்டும் போதுமா?

போதாது. பெரியவர் அந்த வீட்டுக் கொல்லையில் இன்னொன்றையும் கவனித்தார். குளியலறைத் தண்ணீர் முழுக்க மரத்தடியிலேயே தேங்கி நின்றது. தண்டு எப்போதும் நனைந்தபடி இருந்தால் எலுமிச்சைக்கு ஆகாது. அடிப்பட்டை அழுகி, பிசின் வடியும். கடைசியில் மரமே பட்டுப்போகும்.

தண்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்டமாகப் பாத்தி கட்டித் தண்ணீர் விட வேண்டும். ஒட்டுச்செடி என்றால் ஒட்டு மண்ணுக்குள் புதையாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தேங்கும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி வடிய விடுங்கள்.

ஆறு வயது தாண்டிய மரத்துக்கு வருஷத்துக்கு 30 கிலோ தொழு உரம் தேவை. அதைத் தண்டை ஒட்டிக் கொட்டாமல் இரண்டேகால் அடி தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணோடு கிளறி விடுங்கள்.

புதுத் துளிர் சின்ன இலையாக, நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வந்தால் துத்தநாகச் சத்து குறைவு. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து துளிர் மேல் தெளிக்கலாம்.

துளிர் வந்ததும் விருந்தாளிகளும் வருவார்கள். பறவை எச்சம் மாதிரி இலையில் உட்கார்ந்திருப்பது எச்சம் இல்லை, இலை தின்னும் புழு. கையால் எடுத்துப் போடுங்கள். இலையில் வெள்ளிக் கோடு கோலம் போட்ட மாதிரி இருந்தால் இலைத் துளைப்பான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து, வடிகட்டித் தெளித்தால் அடங்கும்.

விதை போட்டு முளைத்த கன்று என்றால் காய்க்க அஞ்சு வருஷம் வரை ஆகலாம். அதற்குள் அவசரப்பட வேண்டாம். அந்த வயதில் அடித் துளிரை மட்டும் எடுத்து, நாலு பக்கமும் ஒவ்வொரு கிளையாக விட்டு வளர்த்தால் போதும். பெரிய மரத்தின் நிழலிலேயே நிற்கும் எலுமிச்சைக்கு எத்தனை கவாத்து செய்தாலும் பலன் குறைவுதான். அதற்கு வேண்டியது வெயில்.

உஷார்... உஷார்!

மரத்துக்கு மேலே மின்கம்பி போனால் நீங்கள் கத்தரியைத் தொடவே கூடாது. ஈரக் கிளை கம்பியில் உரசினாலே உயிர் போய்விடும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொன்னால் அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

முள் ஆழமாகக் குத்தினால் சும்மா விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள்.

பல பேருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து உண்டு. எலுமிச்சைச் சாறு கையில் பட்டு, அதோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்பளிக்கும். கருப்புத் தழும்பு பல வாரம் போகாது. வேலை முடிந்ததும் கை, முகம் கழுவ வேண்டும்.

ஏறுவதற்கு முன் முசுறு எறும்புக் கூடும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டர் 1800 180 1551-க்கு இலவசமாகப் பேசிக் கேட்கலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

அந்த மரம் என்ன ஆச்சு?

வெட்ட வந்த ஆள் அன்று வெறுங்கையோடு திரும்பினார். பெரியவர் முதல் வருஷம் காய்ந்ததையும் போத்தில் பாதியையும் மட்டும் எடுத்தார். மீதியில் சாய்வாக நின்றவற்றை நுனி கிள்ளி விட்டார். அடுத்த வருஷம் மிச்சம். சுவர்ப் பக்கம் போன கிளைகளையும் இறக்கி வெட்டியதால் பக்கத்து வீட்டுச் சண்டையும் தீர்ந்தது. குளியலறைத் தண்ணீர் இப்போது வாழைக்குப் போகிறது.

முதல் வருஷம் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காய். கணவர் முணுமுணுத்தார். இரண்டாவது வருஷம் தை மாதம் மரம் வெள்ளையாகப் பூத்தது. ஆடியில் அம்மன் கோவில் மாலைக்கு அந்த வீட்டு வாசலில் மறுபடியும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

பைக் இப்போதும் தெருவில்தான் நிற்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.